புஷ்பா நீக்கிய நம்பர்

சந்தானம் வீட்டில் யாருக்கு ஓடிபி வந்தாலும் அது புஷ்பாவின் போனுக்குத்தான் வரும். கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், ராணிகஞ்சில் சந்தானம் நடத்தும் பேரிங் கடையின் வரி விவகாரம், மகள் சாஹித்யாவின் ஹால் டிக்கெட், கீழ் வீட்டம்மாவின் ரயில் முன்பதிவு வரை எல்லாவற்றிலும் அவளுடைய நம்பர்தான். சந்தானம் அடிக்கடி போனைத் தொலைப்பார், தொலைக்கும்போதெல்லாம் புது நம்பர் வாங்குவார். சாஹித்யாவுக்குப் போன் கிடைத்ததே பத்தாவது முடித்து இன்டர் சேர்ந்த பிறகுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்து மாறாத நம்பர் அந்த வீட்டில் புஷ்பாவுடையது ஒன்றுதான்.

கூடத்திலிருந்து யாராவது "ஓடிபி" என்று குரல் கொடுப்பார்கள். சமையலறையிலிருந்து "கைக்கு?" என்று கேள்வி வரும். எதற்கு என்று அர்த்தம். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்ய செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம் அது. வந்து பல தலைமுறை ஆகிவிட்டதால் வீட்டுத் தமிழில் உருதுவும் தெலுங்கும் தாராளமாகப் புழங்கும். எதற்கு என்று சொன்னால் ஓடிபி கிடைக்கும். "சும்மா" என்றால் கிடைக்காது. புஷ்பா வேண்டாம் என்று சொல்லும் "நக்கோ" அந்தத் தெருவுக்கே பரிச்சயமானது.

ஆபீசிலும் அவளுக்கு அதே பெயர்தான், 'நக்கோ மேடம்'. ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் தரப் பரிசோதனை அவள் பொறுப்பு. ஒரு மாத்திரை முடிந்து அடுத்த மாத்திரை மெஷினில் ஏறுவதற்கு முன்னால், பழைய மாத்திரையின் ஃபாயில், அட்டைப்பெட்டி, மடித்து வைக்கும் தாள் என்று ஒரு துணுக்கு விடாமல் அப்புறப்படுத்த வேண்டும். லைன் கிளியரன்ஸ் என்று அதற்குப் பெயர். கன்வேயருக்கு அடியில் டார்ச் அடித்து, குனிந்து, சில நேரம் படுத்தே பார்த்துவிட்டுத்தான் புஷ்பா கையெழுத்துப் போடுவாள். ஒருமுறை பிரஷர் மாத்திரை ஏற இருந்த லைனில், மூடிக்குப் பின்னால் ஒரே ஒரு சர்க்கரை மாத்திரைப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே வேன் காத்திருக்கிறது, ஷிப்ட் சூப்பர்வைசர் கெஞ்சுகிறார். அவள் மொத்த லைனையும் கழற்றச் சொன்னாள். பழையது முழுசாகப் போகாமல் புதியது வரக்கூடாது. அவளுடைய உத்தியோகத்தின் சாரம் அவ்வளவுதான். அதுதான் இத்தாலியில் அவள் காலை வாரிவிட்டது.

கம்பெனி புதிதாக வாங்கப்போகும் ஸ்ட்ரிப் பேக்கிங் மெஷினைத் தயாராகும் இடத்திலேயே சோதித்துப் பார்க்க, பொலோனியாவுக்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். இன்ஜினியரிங் பிரிவிலிருந்து ராகவேந்திரா, தரப் பிரிவிலிருந்து புஷ்பா. அவன் ஓசூர்க்காரன், ஐந்தாறு வெளிநாட்டுப் பயணம் போய் வந்தவன். புஷ்பாவுக்கு இதுதான் முதல் பாஸ்போர்ட் முத்திரை.

"ரோமிங் பேக் வேணாம் மேடம். டிராவல் இ-சிம் போட்டுக்கங்க. மெயில்ல க்யூஆர் வரும், ஸ்கேன் பண்ணா முடிஞ்சது. கடைக்குப் போற வேலையே இல்ல" என்றான் ராகவேந்திரா.

அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இ-சிம் என்றால் என்னவென்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அக்கா மகன் வெங்கட் டல்லாஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போனில் சிம் சொருக இடமே கிடையாது. அமெரிக்காவில் விற்கும் போன்கள் அப்படித்தானாம். பாரடைஸ் ஏரியாவில் இருக்கும் போன் கம்பெனிக் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து, பழைய சிம் கார்டைக் கொடுத்துவிட்டு, அதே நம்பரை இ-சிம்மாக மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். நம்பர் கண்ணுக்குத் தெரியாமல் போனுக்குள் எங்கேயோ உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை செய்தது.

இத்தாலிக்குக் கிளம்பும்போது ஒரு முக்கியமான வேலை பாக்கி இருந்தது. சாஹித்யாவின் இன்ஜினியரிங் கவுன்சலிங். எந்தெந்தக் கல்லூரி, எந்தெந்தப் பாடம் என்று வரிசைப்படுத்தி இணையதளத்தில் போட வேண்டும். கடைசித் தேதி, புஷ்பா பொலோனியா போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சாயங்காலம். சாஹித்யா முன்னாலேயே போட்டுவிடலாம் என்றாள்.

"நக்கோ. போன வருஷ கட்-ஆஃப்லாம் இன்னும் பாக்கணும். அங்கேர்ந்து வீடியோல உக்காந்து ரெண்டு பேரும் போடலாம்" என்று புஷ்பா தள்ளி வைத்தாள்.

"மம்மி, அக்கட வைஃபை ராகபோதே?"

"இத்தாலில வைஃபை வராம? உன் வாயைக் கழுவு."

எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக, சாஹித்யாவின் ரேங்குக்கு எட்டவே எட்டாத இரண்டு பெரிய கல்லூரிகளை மட்டும் போட்டுச் சேமித்து வைத்திருந்தார்கள். தேதி தாண்டினால் அந்த இரண்டும்தான் நிற்கும். அப்படி நின்றால் முதல் சுற்றில் சீட் கிடையாது. உள்ளே நுழைய ஒரு ஓடிபி, சேமிக்க ஒரு ஓடிபி. இரண்டும் புஷ்பாவின் நம்பருக்கு.

பொலோனியா ஹோட்டலில் இறங்கியபோது வெயில் இன்னும் சாயவில்லை. அறைக்குள் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல், வீட்டில் பிரிண்ட் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்த க்யூஆர் தாளைக் கட்டிலில் விரித்து ஸ்கேன் செய்தாள். ஹோட்டல் வைஃபையில் புது இ-சிம் வந்து இறங்கியது. போனில் இரண்டு இணைப்புகள் வரிசையாகத் தெரிந்தன. மேலே ஊர் நம்பர், கீழே புதியது. வைஃபையை அணைத்துப் பார்த்தாள். நெட் வரவில்லை. போனை அணைத்துப் போட்டாள். வரவில்லை. ஜன்னலோரம் போனாள். பால்கனியில் நின்று கையைத் தூக்கிப் பிடித்தாள். எதிர் வீட்டுப் பாட்டி ஒருத்தி தனக்குத்தான் கை காட்டுகிறாள் என்று நினைத்துத் திருப்பிக் கை காட்டினாள்.

அறையிலிருந்த ஹோட்டல் போனில் ராகவேந்திராவைக் கூப்பிட்டாள். குளிக்கிறான் போலிருக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி திரையைப் பார்த்தாள். பழைய இணைப்பும் ஆனில் இருக்கிறது, புதியதும் ஆனில் இருக்கிறது. அவளுக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டதுபோல் இருந்தது. லைனில் பழைய பேட்ச் இருக்கும்போது புதியது எப்படி ஓடும்? ஊர் நம்பரைத் தொட்டாள். கடைசியில் சிவப்பு எழுத்தில் 'இ-சிம்மை நீக்கு' என்று இருந்தது. தொட்டாள். இதைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம் என்று எச்சரிக்கை வந்தது. அதை அவள் அவசரத்தில் தாண்டிப்போகவில்லை. எழுத்து எழுத்தாகப் படித்தாள். லைன் கிளியரன்ஸில் கழற்றி எறிந்த பழைய ஃபாயிலை யாராவது திரும்பப் பெறுவார்களா? தேவைப்பட்டால் ஸ்டோரில் கேட்டால் புதிதாகக் கொடுப்பார்கள். நீக்கினாள்.

அப்புறமும் நெட் வரவில்லை.

காலைச் சாப்பாட்டு மேஜையில் ராகவேந்திரா அவள் போனை வாங்கி, டேட்டா ரோமிங் என்ற ஒரு பொத்தானைத் தள்ளினான். அடுத்த நொடி நெட் வந்து, மெசேஜ்கள் சரசரவென்று கொட்டின.

"இவ்ளோதான் மேடம். இந்த சிம்முக்கு ரோமிங் ஆன்ல இருக்கணும்." அவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே திரையைப் பார்த்தான். கடிப்பதை நிறுத்தினான். "ஊர் நம்பர் எங்க?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னா, ஆஃப் பண்ணியிருக்கீங்களா?"

"ஆஃப் எதுக்குப் பண்றது? கிளியர் பண்ணேன். லைன்ல ரெண்டு எப்படி இருக்கும்?"

ராகவேந்திரா ரொட்டியைத் தட்டில் வைத்தான். "மேடம், இது மெஷின் இல்ல. இதுல ரெண்டும் இருக்கணும். ஊர் நம்பர்ல எஸ்எம்எஸ் வரும், இதுல நெட் ஓடும். அதுக்குத்தான இ-சிம்மே."

"நீ இத ஊர்லயே சொல்லியிருக்கணும்."

"நீங்க டிலீட் பண்ணுவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

ஊர் நம்பரை இ-சிம்மாக மாற்றியபோது வந்த க்யூஆர் அவள் மெயிலில் இருந்தது. ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒருமுறை பயன்படுத்தியது செல்லாது என்றது. போன் கம்பெனியின் ஆப்பைத் திறந்தாள். உள்ளே நுழைய ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எந்த நம்பருக்கு என்று பார்த்தாள். நீக்கிய நம்பருக்கு. ஆப்பில் ஒரு ரோபோ உதவிக்கு வந்தது. 'கவலை வேண்டாம், உங்கள் பிரச்சினை எங்களுக்குப் புரிகிறது. இ-சிம்மை மறுபடி பெற, உங்கள் நம்பரிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்' என்றது.

"அந்த நம்பர் இருந்தா நான் கைக்கு உன்கிட்ட வரேன்?" என்று புஷ்பா அதற்குத் தமிழிலேயே எழுதினாள். ரோபோ ஒரு சிரித்த முகம் போட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது.

வாட்ஸ்அப் மட்டும் எப்படியோ பழைய நம்பரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சந்தானத்தை அதில் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கடைக்கு வந்த யாருக்கோ விலை சொன்னார்.

"என்னாங்க, கேக்குதா?"

"கேக்குது. நான் போனைத் தொலைச்சா நீ என்னா சொல்வே?"

"இப்ப அந்தப் பேச்சு நக்கோ."

"இல்ல, கேட்டேன். நானாச்சும் போனைத் தொலைச்சேன். போனைக் கையில வெச்சிக்கினே நம்பரைத் தொலைச்சது நீதான் புஷ்பா."

ஆனாலும் அவர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு பாரடைஸ் கடைக்குப் போனார். அங்கிருந்து வீடியோவில் வந்தார். கவுன்டரில் ஸ்மிதா என்று பெயர் அட்டை குத்திய பெண், நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும் என்றாள். ஆதார், பிறகு நேரடி போட்டோ.

"அவங்க இத்தாலில இருக்காங்கம்மா."

"அப்ப வந்ததும் வரச் சொல்லுங்க அங்கிள்."

"வீடியோல இருக்காங்க பாரு. முகம் தெரியுது இல்ல?"

சந்தானம் தன் போனைக் கவுன்டர் கேமராவுக்கு நேரே பிடித்தார். பொலோனியாவில் மெஷின் ஷெட்டுக்கு வெளியே, தலையில் வலைத் தொப்பியோடு நின்றிருந்த புஷ்பாவின் முகம் அதற்குள் தெரிந்தது.

"கண்ணை மூடித் தொறக்கச் சொல்லுங்க" என்றாள் ஸ்மிதா, அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

புஷ்பா கண்ணை மூடித் திறந்தாள். இன்னொரு முறை. தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை. முகம் ஏற்கப்படவில்லை என்று கணினி சொன்னது. பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தது இத்தாலி வரை கேட்டது.

"இன்னொன்னு அங்கிள். இன்னிக்கே கொடுத்தாலும் ஒரு நாள் முழுக்க எஸ்எம்எஸ் வராது. சிம் மாத்தினா அப்படித்தான், மோசடி நடக்கக்கூடாதுன்னு" என்றாள் ஸ்மிதா.

"மோசடியா? என் பொண்ணோட காலேஜுங்க இது" என்றாள் புஷ்பா. சந்தானம் அதற்குள் போனைத் தன் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். அவருடைய மீசையும் கடையின் கூரையும் மட்டும் தெரிந்தன.

உள்ளே சோதனை ஓட்டம் தொடங்கியிருந்தது. இத்தாலிய இன்ஜினியர் மெஷினை ஓட்டிக் காட்டினார். புஷ்பா வழக்கம்போல் டார்ச்சோடு குனிந்தாள். வேறு யாருக்கோ ஓட்டிக் காட்டிய கேப்ஸ்யூல் ஒன்று பக்கத் தகட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது சும்மா டெஸ்ட்தானே" என்றார் அவர். "முழுசா எடுங்க. அப்புறம் பாக்கலாம்" என்றாள். ராகவேந்திரா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியதை அவள் பார்க்காமல் இல்லை.

மத்தியானம் சாஹித்யா கூப்பிட்டாள். ஊரில் அப்போது சாயங்காலம்.

"மம்மி, கவுன்சலிங் ஹெல்ப் சென்டர்ல நம்பர் சேஞ்ச் பண்ணலாம். கேண்டிடேட் போகணும், ஒரிஜினல்ஸ் காட்டணும். நா நம்பர் இச்சேஸ்தா."

"உன் நம்பரா? கைக்கு? டாடி நம்பர் கொடு."

"டாடி நம்பர் நெக்ஸ்ட் மந்த் இருக்குமா?"

சாஹித்யா பிறந்ததிலிருந்து அவளுடைய சர்டிபிகேட்டுகள் எதுவும் புஷ்பா இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பீரோவில் பூட்டி, சாவியை உதிரி குக்கர் கேஸ்கெட் டப்பாவுக்குள் வைத்திருந்தாள்.

"டாடி கூட வரட்டும்."

"டாடிக்கு நாளைக்கு ஷாப்ல லோட் வருது. நேனே வெள்தா மம்மி. ஆட்டோல போறேன்."

"சாவி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது."

"குக்கர் கேஸ்கெட் டப்பா" என்றாள் சாஹித்யா சலிப்போடு. "அந்தரிக்கி தெலுசு மம்மி."

எல்லாருக்கும் தெரியுமாம். கீழ் வீட்டம்மாவுக்கும் தெரியுமோ என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள் புஷ்பா. அதற்குப் பதிலாகக் கல்லூரி வரிசையைச் சொன்னாள். கம்பெனி பஸ் போகும் வழியில் இருக்கிற மூன்று கல்லூரி முதலில், மூன்றிலும் கம்ப்யூட்டர். அப்புறம் மேட்சல் பக்கம். வாரங்கல் வேண்டாம், ஹாஸ்டல் வேண்டாம். சாஹித்யா "ம்" என்றாள். எந்த "ம்" என்று முகத்தைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. நெட் அந்த நேரம் பார்த்துப் படத்தை உறைய வைத்தது.

கடைசி நாள் விடிந்ததிலிருந்து புஷ்பாவால் உட்கார முடியவில்லை. ஊரில் சாஹித்யா ஆட்டோ ஏறிவிட்டாள் என்று மெசேஜ் வந்தது. சென்டரில் கூட்டம் ரோடு வரை நிற்கிறது என்று ஒரு போட்டோ வந்தது. அதற்குப் பிறகு புஷ்பா மெஷின் ஷெட்டுக்குள் போக வேண்டியிருந்தது. நாலாபக்கமும் தகரமும் இரும்பும். புது இ-சிம் அங்கே ஒரு கோடுகூடக் காட்டவில்லை. இத்தாலியர் ஒவ்வொரு பாகமாக ஓட்டிக் காட்டினார். புஷ்பா ஒவ்வொரு பாகத்துக்கும் நடுவில் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். 'கியூல எங்க நிக்கிற?' ஒற்றை டிக். 'ஒரிஜினல்ஸ் பத்திரம்.' ஒற்றை டிக். 'பதில் போடு.' ஒற்றை டிக். போகிறதா, போகாமல் தன் போனிலேயே நிற்கிறதா என்றும் தெரியவில்லை.

"மேடம், போகலைன்னா ராத்திரி கால் பண்ணி..." என்று ராகவேந்திரா தொடங்கினான்.

"ராத்திரி சைட் மூடியிருக்கும்."

"இல்ல, செகண்ட் ரவுண்டு இருக்கு இல்ல? என் தம்பிக்குக்கூட செகண்ட் ரவுண்டுலதான்..."

"உன் தம்பி கதை இப்ப எனக்கு நக்கோ."

அவன் மெஷினைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டான். அவன் மேல் கோபப்பட ஒரு நியாயமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கோபம் குறையவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கியது யார்? முன்னாலேயே போட்டுவிடலாம் என்ற பெண்ணைத் தடுத்தது யார்? அத்தனை ஓடிபியையும் ஒரே போனுக்குள் வாங்கிப் போட்டுக்கொண்டு, அதில் ஒரு சுகமும் கண்டது யார்?

மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்ததும் போன் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தது. ஊரில் கடைசி நேரம் முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். முதலில் சந்தானத்திடமிருந்து, 'குழந்தை சாதிச்சிட்டா'. அப்புறம் சாஹித்யாவிடமிருந்து, 'டன் மம்மி. நம்பர் சேஞ்ச்டு. ஆப்ஷன்ஸ் ஃப்ரீஸ்டு.' கூடவே கரும்புச் சாறு கிளாஸோடு ஒரு செல்ஃபி.

புஷ்பா ஷெட் வாசல் சிமென்ட் மேடையில் உட்கார்ந்தாள். முதல் நிம்மதி ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. என்ன வரிசையில் போட்டிருக்கிறாள்? கேட்டு மெசேஜ் போட்டாள். 'நல்ல வரிசை' என்று பதில் வந்தது. இப்படி ஒரு பதிலை ஜீடிமெட்லாவில் எந்தச் சூப்பர்வைசராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு லைனே ஓடியிருக்காது. சைட்டைத் திறந்தாள். சாஹித்யாவின் பதிவு எண், பிறந்த தேதி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். போட்டாள். பதிவான நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. கீழே கடைசி இரண்டு இலக்கம் தெரிந்தது. அவளுடைய நம்பர் இல்லை.

சாஹித்யாவைக் கூப்பிட்டாள். ஆட்டோவின் இரைச்சலும் ஹாரனும் முதலில் வந்தன.

"சாஹித்யா, உனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லு."

"கைக்கு மம்மி?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஓடிபி கேட்டால் அடுத்த வார்த்தை அதுதான், அவளுக்குத் தெரிந்தது அதுதான். "சும்மா" என்று சொல்ல முடியாது. அது செல்லாது என்று விதி போட்டதே புஷ்பா.

"நான் இல்லாம நீ என்னா போட்டேன்னு பாக்கணும்."

"மாத்த முடியாது. ஃப்ரீஸ் அயிப்போயிந்தி."

"தெரியும்டீ. பாக்க மட்டும்தான்."

கொஞ்சம் இரைச்சல். பிறகு சாஹித்யா ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். புஷ்பா போட்டாள். இவ்வளவு நேரம் பேசியதில் அது காலாவதியாகியிருந்தது. மறுபடி அனுப்பச் சொன்னாள். மறுபடி சொன்னாள் சாஹித்யா. இந்தமுறை திறந்தது.

முதல் இடத்தில் வாரங்கல். இரண்டாவதும் வாரங்கல். இரண்டிலும் கம்ப்யூட்டர் இல்லை, சிவில். மூன்றாவதிலிருந்துதான் பஸ் வழியில் இருக்கும் கல்லூரிகள், அவள் சொன்ன அதே வரிசையில், அவள் சொன்ன அதே பாடத்தோடு. அவற்றுக்கும் கீழே மேட்சல்.

"வாரங்கலுக்கு கம்பெனி பஸ் போகாது" என்றாள் புஷ்பா.

"ஹாஸ்டல் உந்தி மம்மி. அங்க தங்கிக்கறேன்."

"சிவில் படிச்சி?"

"கட்டுவேன்" என்றாள் சாஹித்யா. ஆட்டோக்காரரிடம் இடதுபக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ராகவேந்திரா இரண்டு காபியோடு வந்து, எல்லாம் சரியா என்று கேட்டான். புஷ்பா திரையைப் பெரிதாக்கி, மேலிருந்து கீழே போனாள். அட்டைப்பெட்டியில் அச்சான பேட்ச் எண்ணைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு கல்லூரியின் குறியீடு, பாடத்தின் குறியீடு என்று விரலை வைத்துப் பார்த்தாள். எங்கேயாவது ஓர் எழுத்து மாறியிருக்கும், அவசரத்தில் ஒன்று இரண்டு தடவை விழுந்திருக்கும். கடைசி வரி வரை போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து வந்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு தப்புகூட இல்லை. அந்த இரண்டு நாளில் அவளுக்கு வந்த எரிச்சலிலேயே பெரியது அதுதான்.